இருபத்திரண்டு கேள்விகளும் என் பதில்களும்

"முன்மதிப்பீட்டுக் கேள்விகளுக்கு நோயாளி தாமே, தம் சொந்த வார்த்தைகளில் பதில் அளிக்க வேண்டும். அப்போது உடன் வந்தவர் அறையில் இருக்கக் கூடாது. பிறர் சொல்லிக்கொடுத்த பதில்கள் நோயாளிக்கே தீங்காக முடியும்."

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில், உடல் எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் கொடுப்பவர்களுக்குத் தரும் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இந்த விதி அச்சாகியிருந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. இரண்டையும் படித்தேன். தமிழில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது, அதைப் பென்சிலால் திருத்தினேன். பிறகு விதியை மீறினேன்.

அப்போது எனக்கு அறுபத்து மூன்று வயது. தொழிற்சாலைகளை ஆய்வு செய்யும் அரசு வேலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஓய்வு பெற்ற மறு மாதமே திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது. என் வேலைக்குக் 'கம்ப்ளையன்ஸ்' என்று பெயர். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஆள் அனுப்பித் தொழிற்சாலையைச் சோதிப்பார்கள். தீயணைப்பானில் காற்று இருக்கிறதா, கழிப்பறையில் சோப்பு இருக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதோடு நான்கைந்து தொழிலாளர்களைத் தனியறைக்கு அழைத்துப் பேசுவார்கள். எல்லோரும் பயந்தது அந்தத் தனியறைக்குத்தான்.

நான் பயப்படவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் கேள்வி கேட்டவனுக்கு, கேட்கிறவர் எந்தப் பதிலில் திருப்தியடைவார் என்பது தெரியாதா? கேள்வி பதில் தாள் ஒன்று தயாரித்தேன். ஆடிட் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் இருபது இருபது பேராக நிற்க வைத்துச் சொல்லிக்கொடுப்பேன்.

"ஓவர்டைம் பாக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தறாங்களா?"

"இல்லீங்க, விருப்பப்பட்டா மட்டும்ங்க."

"விருப்பப்பட்டான்னு சொல்றதுக்கு முன்னால யோசிக்கக் கூடாது. யோசிச்சா அவனுக்குச் சந்தேகம் வரும்."

என் பொறுப்பில் அந்த நிறுவனம் ஒரு ஆடிட்டில்கூடத் தோற்றதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையைத்தான் என் தங்கையின் மேல் பிரயோகித்தேன்.

தங்கை என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். அதே நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். தைத்து முடிந்த பனியன்களை மேசையில் குவித்து வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் இடது கையை விட்டு விரித்து, ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை எல்லாம் பார்த்து ஒதுக்குகிற வேலை. மற்றவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். அவள் விரலால் பார்ப்பாள். பக்கத்து மேசைக்காரியோடு பேசிக்கொண்டே கையை உள்ளே ஓட்டுவாள். விரல் ஓரிடத்தில் நின்றால் அங்கே ஊசி ஓட்டை இருக்கும். எட்டாவது வரைக்கும்தான் படித்தாள். இருபத்தாறு வயதில் கணவர் இறந்துபோனார், குழந்தை இல்லை. என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தாள்.

எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. சர்க்கரை இருந்தது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நின்று முழங்கால்கள் தேய்ந்துவிட்டிருந்தன. கம்பெனி வேனில் டிரைவருக்குப் பின்னால் இருவர் உட்காரும் இருக்கை அவளுக்கு என்று ஆகிப்போயிருந்தது. அவள் ஏறினால் வண்டி ஒரு பக்கம் சாயும்.

"அக்கா வந்துட்டாங்க, இனி ஸ்பீடு பிரேக்கர்ல வண்டி எகிறாது" என்பான் டிரைவர்.

"எகிறுனா உன்ற தலதான் மொதல்ல இடிக்கும், பாத்து ஓட்டு சாமி" என்பாள் அவள். வேன் முழுக்கச் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரிக்கிறாளே என்று நானும் நினைத்திருந்தேன்.

இந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றி அவளிடம் முதலில் சொன்னவன் நான். கம்பெனி முதலாளியின் உறவினர் ஒருவர் செய்துகொண்டு பாதியாக இளைத்து வந்திருந்தார். விவரம் கேட்டு, குறிப்பெடுத்து, தேதி வாங்கி, அவளைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

அறுவை மருத்துவர் நிதானமாகப் பேசுகிறவர். வயிற்றின் மேல்பாகத்தை ஒரு சிறு பைபோலப் பிரித்து, குடலை அதோடு இணைப்பதைப் படம் போட்டுக் காட்டினார். கசிவு ஏற்படலாம், காலில் ரத்தம் உறையலாம், மயக்க மருந்தால் சிக்கல் வரலாம் என்பதையெல்லாம் மறைக்காமல் சொன்னார். அதன் பிறகு சொன்னது இன்றைக்கும் வரி வரியாக நினைவில் இருக்கிறது. நினைவில் இருந்து என்ன பயன்?

"ஆபரேஷன் வயித்தைத்தான் சின்னதாக்கும்மா. சாப்பிடற பழக்கம் அப்படியேதான் இருக்கும். அதை நீங்கதான் மாத்தணும். ஒரு வாய் சோத்தை இருபது தடவை மெல்லணும். கால் டம்ளர் அளவு சாப்பிட அரை மணி நேரம் ஆகும். சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது. சத்து மாத்திரை ஆயுசு முழுக்க, ரத்தப் பரிசோதனை ஆயுசு முழுக்க. முடி கொட்டும், தோல் தொங்கும். கவனமா இல்லைன்னா எடை திரும்பவும் ஏறும். வாந்தி ஒரு நாளைக்கு மேல நிக்காம இருந்துச்சுன்னா உடனே கூப்பிடணும். இதெல்லாம் முடியுமான்னு யோசிச்சுட்டு வாங்க. அவசரமே இல்லை."

அவர் அவளைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஆங்கிலத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கேட்டாள்: "அரை மணி நேரம்னாருங்களே அண்ணா, கம்பெனில லஞ்ச்சே அரை மணி நேரந்தானுங்களே? கை களுவறதுக்கு லைன்ல நிக்கவே பத்து நிமிசம் போயிருதுங்க."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு. மொதல்ல செலக்ட் ஆகணும்."

செலக்ட் ஆகணும். அப்படித்தான் சொன்னேன். அந்தப் படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள் இருந்தன. மனநல ஆலோசகர் ஒருவர் அவற்றை வைத்து நோயாளியிடம் தனியாகப் பேசுவார். எனக்கு அது இன்னொரு தனியறையாகத்தான் தெரிந்தது. தப்பான பதில் சொன்னால் நிராகரித்துவிடுவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் யாரிடமும் கேட்கவும் இல்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவளைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

"இந்த அறுவைச் சிகிச்சை உங்களுக்கு ஏன் வேண்டும்?"

அவள் சற்று யோசித்தாள். "அது வந்துங்ணா, வேன்ல..."

"வேன் கீன்னெல்லாம் சொல்லக் கூடாது. 'ஆரோக்கியத்துக்காக. சர்க்கரை, முழங்கால் வலி.' அவ்வளவுதான்."

"ஆரோக்கியத்துக்காகங்க. சர்க்கரை, மொழங்கால் வலி."

"பசி இல்லாதபோது, மனசு சரியில்லாதபோது சாப்பிடுவதுண்டா?"

எனக்கு விடை தெரியும். வேலை விட்டு வந்ததும் கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், அடுக்களையில் நின்றபடியே மிக்சர் டப்பாவைத் திறப்பாள். ஒருமுறை எதேச்சையாகப் போனபோது பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நாற்பத்தைந்து வயதுப் பெண். எதையும் பார்க்காதவன்போலக் காப்பி கேட்டேன்.

"இல்லீங்கன்னு சொல்லு."

"பொய்யிங்களே அண்ணா."

"இது பொய் இல்லை. படிவத்துக்குப் பதில்."

என் மனைவி அடுக்களையிலிருந்து, "அவளுக்கென்ன ஆடிட்டா நடக்குது? வவுத்தக் கிளிக்கப் போறாங்க, அவளப் பேச உடுங்க" என்றாள். நான் கேள்வி பத்துக்குப் போனேன்.

குறிப்பிட்ட நாளில் மருத்துவமனைக்குப் போனோம். விதிப்படி நான் வெளியே இருந்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கதவில் சிறு கண்ணாடி இருந்தது. உள்ளே அவள் முதுகும், எதிரில் ஆலோசகரின் முகமும் தெரிந்தன. முப்பது வயதிருக்கும் அந்த ஆலோசகப் பெண் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டிருந்தார். ஒருமுறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டார். தங்கையின் தோள் ஒருகணம் அசைந்தது. பிறகு நேரானது. யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டாள் என்று புரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெளியே வந்ததும், "எல்லாமே சொன்னபடியே சொல்லிட்டனுங்ணா" என்றாள். கண் கலங்கியிருந்தது. பயத்தில் என்று எடுத்துக்கொண்டேன்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக நடந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். என்ன சாப்பிட வேண்டும், எந்த மாத்திரை, எப்போது கூப்பிட வேண்டும் என்று நான்கு பக்கத் தாள் கொடுத்தார்கள். தமிழில் வேண்டுமா ஆங்கிலத்தில் வேண்டுமா என்று நர்ஸ் கேட்டார். ஆங்கிலத்தில் கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன். அந்தத் தாளில் துளை போட்டு, கோப்பில் கோத்து, என் வீட்டு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆவணங்கள் பத்திரமாக இருக்க வேண்டுமே. தொடர்புக்குத் தொலைபேசி எண் கேட்டபோது என் வீட்டு எண்ணைக் கொடுத்தேன்.

முதல் இரண்டு மாதங்கள் கஞ்சி, பருப்புத் தண்ணீர், மசித்த உணவு என்று என் மனைவி பார்த்துக்கொண்டாள். எடை மளமளவென்று இறங்கியது. மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். நான் அவளைப் பிரிவு பிரிவாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பழைய ரவிக்கையை அவள் இரண்டாக மடித்துப் பிடித்துக்காட்ட, எல்லோரும் கை தட்டினார்கள். அலுவலகத்தில் இரண்டு பேர் தங்களுக்கும் செய்துகொள்ளலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். "கேள்விக்குப் பதில் நான் எழுதித் தர்றேன்" என்றேன். அவர்கள் போகாதது என் அதிர்ஷ்டம்.

வேலைக்குத் திரும்பிய இரண்டாம் வாரம் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, லஞ்ச்சுக்கு இன்னொரு பத்து நிமிசம் எச்சாக் குடுப்பாங்களா? மென்னு முளுங்கறதுக்குள்ள பெல்லு அடிச்சுருதுங்க. அவசரத்துல முளுங்குனா வந்துருதுங்க."

ஐந்து மணி நேர வேலைக்கு அரை மணி நேர இடைவேளை என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. மருத்துவரின் கடிதம் ஒன்று, மேலாளரின் கையெழுத்து ஒன்று. அரை நாள் வேலை. அந்தச் சட்டத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் திருப்பூரில் பத்துப் பேர் இருந்தால் அதில் நான் ஒருவன்.

"உனக்கு மட்டும் கொடுத்தா டைம் ரெக்கார்டுல தனியாத் தெரியும். ஆடிட்ல கேள்வி வரும். அடுத்த மாசம் வேற வர்றாங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"செரீங்ணா" என்று போய்விட்டாள். அதோடு, மாத்திரை பெரிதாக இருக்கிறது, தொண்டையில் நிற்கிறது என்று இன்னொரு நாள் சொன்னாள். பழகிவிடும் என்றேன். நசுக்கியோ கரைத்தோ கொடுக்கும் வகை உண்டு, கேட்டால் மாற்றித் தருவோம் என்று அந்த நான்கு பக்கத் தாளில் எழுதியிருந்தது. அது அலமாரியில் இருந்தது.

மருத்துவமனை தன் பங்குக்கு விடாமல் கூப்பிட்டது. முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம். தொலைபேசியை எடுத்தது நான்.

"அவங்ககிட்டப் பேசலாமா சார்?"

"அவங்க இப்பப் பக்கத்துல இல்லைங்க. நான் அண்ணன்தான். கேளுங்க."

"வாந்தி இருக்கா?"

"இல்லை."

"மாத்திரை ஒழுங்கா எடுக்கறாங்களா?"

"ஆமா."

"கை கால் மரத்துப் போறது, நடக்கத் தடுமாறுறது, இந்த மாதிரி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. ரொம்ப நல்லா இருக்காங்க. ரத்தப் பரிசோதனைக்கு அடுத்த மாசம் வர்றோம்."

மூன்று முறையும் ஒரே பதில். கேள்வி மாறாதபோது பதில் ஏன் மாற வேண்டும்? கூப்பிட்ட அந்தப் பெண் ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை. நான் யோசிக்காமல் பதில் சொன்னேன்.

ஏழாம் மாதம் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். செக்கிங்கில் தங்கையின் கீழ் வேலை செய்கிறவள். கழுத்தில் சிறு சிலுவை, கையில் ஒரு கட்டுப் பனியன்.

"சார், ஒங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும். அக்கா சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

"அப்புறம் ஏன் சொல்றே?"

"சொல்லலேன்னா அக்கா செத்துப் போவாவ போலிருக்கு சார்."

பனியன் கட்டை என் மேசைமேல் வைத்தாள். மேலிருந்த பனியனை எடுத்து விரித்தாள். அக்குளில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அடுத்ததில் கழுத்துப் பட்டி விட்டிருந்தது.

"இதெல்லாம் அக்கா ஓகேன்னு விட்ட பீஸு. ஒரு மாசமா நான்தான் திரும்ப எடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கேன். அக்காவுக்கு வெரல்ல உணர்ச்சி இல்ல சார். வேன்ல நான் பக்கத்துலதான் உக்காருதேன். தலைல பூ குத்தத் தெரியல, ஊக்கு மாட்டத் தெரியல. நடக்கும்போது காலை எங்க வைக்காவன்னு அவியளுக்கே தெரியல. மத்தியானம் சாப்ட்டதும் பாத்ரூம்ல வாந்தி. தெனமும் சார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க கேட்டியளா சார்?"

அன்றே மருத்துவமனைக்குப் போனோம். வேனில் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினேன். கை தொட்டபோது நான் தொட்டது அவளுக்குத் தெரியவில்லை. மாதக்கணக்காக வாந்தி, சத்து மாத்திரை கிடையாது, வயிற்றில் தங்கியது டீயும் அதில் நனைத்த பிஸ்கட்டும் மட்டும். அது மட்டும்தான் மெல்லாமல் இறங்கியது. பி-1, பி-12 இரண்டும் அடிமட்டத்துக்குப் போய், நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தன. மருத்துவர் கோப்பைப் புரட்டினார். மூன்று அழைப்புகளின் பதிவும் அதில் இருந்தது. வாந்தி: இல்லை. மாத்திரை: ஆம். உணர்வின்மை: இல்லை.

"இதுல எதையாவது ஒண்ணைச் சரியாச் சொல்லியிருந்தா, ஒரு வாரம் ஊசி போட்டுச் சரி பண்ணியிருப்போம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவளைப் படுக்கையில் சேர்த்துவிட்டு மனநல ஆலோசகரின் அறைக்குப் போனேன். இந்த முறை கண்ணாடிக்கு உள்ளே இருந்தேன். இருபத்திரண்டு பதில்களும் என்னுடையவை, நோயாளியுடையவை அல்ல என்றேன். மனுவில் எழுதுவதுபோல 'நோயாளி' என்றே சொன்னேன். 'என் தங்கை' என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பெண் படிவத்தை எடுத்து ஒன்பதாம் கேள்வியைப் பார்த்தார். "நான் இதைக் கேட்டப்போ அவங்க கொஞ்சம் தடுமாறினாங்க. மறுபடி கேட்டிருக்கணும். கேக்காம விட்டது என் தப்பு."

"இல்லைங்க, ஆமான்னு சொன்னா ரிஜெக்ட் பண்ணிருவீங்கன்னு..."

"ரிஜெக்டா? சார், இது பரீட்சை இல்லை. தப்பான பதில்னு இதுல ஒண்ணு கிடையவே கிடையாது. ஆமான்னு சொல்லியிருந்தா ரெண்டு மாசம் பேசியிருப்போம். எப்பச் சாப்பிடத் தோணுது, அப்ப வேற என்ன செய்யலாம், வீட்டுல யார் இருக்காங்க, கம்பெனில நேரம் கேட்டு வாங்க முடியுமான்னு எல்லாம் பேசிட்டுத்தான் தேதி குடுத்திருப்போம். அவங்களுக்கு ஒதவத்தான் சார் கேக்கறோம்."

முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் கேள்வி கேட்டிருக்கிறேன். யாருக்கும் உதவுவதற்காகக் கேட்டதாக நினைவில்லை.

மூன்று வாரம் ஊசி போட்டார்கள். விரல்களில் முக்கால்வாசி உணர்வு திரும்பியது. பாதங்களில் பாதிகூடத் திரும்பவில்லை. இனி மாதாமாதம் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. தவறினால் திரும்பிவந்த உணர்வும் போய்விடும், அடுத்த முறை மீட்க முடியாமல் போகலாம் என்று மருத்துவர் அவளிடம் தமிழில் சொன்னார். நான் வெளியே நின்றேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று நான் தேதிகளைக் காலண்டரில் குறிக்கத் தொடங்கினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இனி நீங்க எனக்காக எங்கயும் வர வேண்டாமுங்க."

"நீ தனியா எப்படிப் போவே?"

"போமாட்டனுங்க. அந்த ரூமுக்குள்ள போய்ப் பொய் சொன்னது நானுங்க. அந்தம்மா அன்னைக்கு அவ்வளவு நல்லாக் கேட்டாங்க, 'சொல்லுங்க, பரவால்ல'ன்னு. நான் உங்க பேச்சக் கேட்டுப் பொய் சொன்னேன். எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?"

ஒரு மாதத்தில் வேலையை விட்டாள். கணவர் விட்டுப்போன சிறு வீடு ஒன்று வெள்ளகோவிலில் பூட்டிக் கிடந்தது. அங்கே போய்விட்டாள். இரண்டு முறை அவளைத் தேடிப்போனேன். "வாங்க" என்றாள், காப்பி கொடுத்தாள், அடுக்களைக்குள் போய்விட்டாள். மருத்துவமனைக்குப் போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அந்த ஊரிலேயே ஒரு கிளினிக்கில் அவ்வப்போது ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று தூத்துக்குடிப் பெண் சொன்னாள். ரத்தப் பரிசோதனை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் அவளைப் பார்த்துவந்தது அந்தப் பெண்தான். நான் அந்தப் பெண்ணிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

பிறகு கடிதம் எழுதினேன். முதல் கடிதம் நான்கு பக்கம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, ஒவ்வொரு கட்டத்திலும் நான் என்ன நினைத்தேன் என்று எண் போட்டு எழுதியிருந்தேன். அனுப்பிய பிறகு நகலை எடுத்துப் படித்தேன். மேலதிகாரி விளக்கம் கேட்டு அனுப்பும் குறிப்பாணைக்கு ஊழியர் எழுதும் பதில்போல இருந்தது. என் பணிக்காலத்தில் அப்படிப்பட்டவற்றை ஏற்றுக்கொண்டதே இல்லை. அவளும் ஏற்கவில்லை. இரண்டாவது ஒரு பக்கம். மன்னிப்புக் கேட்டிருந்தேன், ஆனால் கடைசி வரியில் அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியைக் குறித்திருந்தேன். அதற்கும் பதில் இல்லை. அதற்குள் கம்பெனி வேலையையும் விட்டிருந்தேன். விடுவதற்குச் சில நாள் முன்பு, அடுத்த ஆடிட்டுக்காகத் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தினேன். தாளைக் கையில் பிடித்தேன். முதல் கேள்விக்கு மேல் போக முடியவில்லை.

மூன்றாவது முறை கடிதம் எழுதவில்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஆலோசகரிடம் அந்தப் படிவத்தின் வெற்றுப் பிரதி ஒன்று கேட்டேன். "அவங்க எழுதி அனுப்பினா நான் அவங்ககிட்டத்தான் பேசுவேன், உங்ககிட்ட இல்லை" என்றார். அதைத்தான் நானும் விரும்புகிறேன் என்றேன். தபால்தலை ஒட்டி, மருத்துவமனை முகவரி எழுதிய உறையும் சேர்த்து வெள்ளகோவிலுக்கு அனுப்பினேன். மூன்றாம் பக்கத்து விதியின் கீழ், "இதை இப்போதுதான் சரியாகப் படித்தேன்" என்று மட்டும் எழுதினேன். அது கார்த்திகை மாதம். தை போனது, சித்திரை போனது. அவள் எழுதினாளா, கிழித்தாளா என்று தெரியவில்லை. தூத்துக்குடிப் பெண்ணிடமும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் தபால்காரர் தடித்த உறை ஒன்றைக் கொடுத்தார். மருத்துவமனைக்கு என்று நான் எழுதியிருந்த முகவரியை அடித்துவிட்டு, என் முகவரியைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். உள்ளே படிவம். மேலே சிறு துண்டுத் தாள்: "படிச்சுட்டு அந்தம்மாகிட்டக் குடுத்துருங்க. வர்ற வாரம் நான் அங்க போறனுங்க."

கூட வருபவர் பெயர் என்ற இடத்தில் தூத்துக்குடிப் பெண்ணின் பெயர் இருந்தது.

முதல் கேள்வி: இந்த அறுவைச் சிகிச்சை உங்களுக்கு ஏன் வேண்டும்? "வேன்ல என்ற பக்கத்துல ஆராச்சும் உக்கோரோணும்னு."

ஒன்பதாவது: பசி இல்லாதபோது சாப்பிடுவதுண்டா? "ஆமாங்க. ஊட்டுக்கு வந்து கதவத் தொறந்தா ஆரும் இல்லீங்க. அதனால டப்பாவத் தொறப்பனுங்க."

ஒவ்வொன்றாகப் படித்தேன். ஓரிடத்திலும் நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. இருபத்திரண்டாவது: நீங்கள் எங்களிடம் கேட்க விரும்புவது ஏதேனும் உண்டா? இதற்கு 'இல்லை' என்று சொல்லச் சொல்லியிருந்தேன். அவள் எழுதியிருந்தாள்: "உண்டுங்க. நாங்க மெல்ல மென்னு சாப்புடறதுக்கு ஆருகிட்ட நேரம் கேக்கோணும்?"

வரும் காகிதத்தில் வந்த நாளைக் குறிப்பது என் பழைய வழக்கம். அன்றைக்கும் கை தானாகப் பேனாவை எடுத்தது. படிவத்தின்மேல் எழுதவில்லை, அது என்னுடையதல்ல. உறையின் மூலையில் மட்டும் எழுதினேன்: பெறப்பட்டது, 11.8.2009.